தங்கச்சியைக் கூட்டிவரப் போன ஊர்

பதுளைக்கு வருகிற ரயிலுக்கு அதற்கு மேல் போக வழியில்லை. தண்டவாளம் எங்கள் ஸ்டேஷனோடு முடிகிறது. தூங்கிவிட்டேன், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன் என்று இங்கே ஒருவரும் சாக்குச் சொல்ல முடியாது. அப்படியோர் ஊரில் பாதி ஆயுளுக்கு மேல் பேக்கரி வைத்திருக்கிறவன் நான். அதனால் ஜெர்மனியில் என் தங்கச்சி வசிக்கும் கிராமத்தில் என்னை இறக்கிவிட்ட பஸ், தேவாலயத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்த வழியே திரும்பிப் போனதைப் பார்த்ததும், "இதுவும் கடைசி ஸ்டேஷன்தானா?" என்று கேட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் என் பெட்டியை இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அந்த ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினாலும் சரியாக எழுதுவேனா என்பது சந்தேகம். மூன்று மாதம் இருந்தும் அது என் வாயில் நுழையவில்லை. தங்கச்சி பலமுறை சொல்லிக் கொடுத்துப் பார்த்துவிட்டு, "விடுங்கண்ணே, பஸ்காரருக்கே நம்மளத் தெரியும்" என்று கைகழுவிவிட்டாள்.

நான் ஊர் பார்க்கப் போகவில்லை. அவளைக் கூட்டிவரப் போனேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த மூன்று மாதமும் நான் எதைப் பார்த்தாலும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் மிச்சமிருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். நமுனுகுல மலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஓர் அறைக் காம்பராக்களை வரிசையாக ஒட்டிக் கட்டிய வீட்டில், பிறந்து வளர்ந்தோம். அம்மாவும் அப்பாவும் அங்கேயே தேயிலைக்கு நடுவில் புதைந்திருக்கிறார்கள். நான் பதுளைக்கு இறங்கி வந்து போறணை அடுப்பில் பாண் ரொட்டி போடக் கற்றுக்கொண்டேன். தங்கச்சியை ஜெர்மனியில் இருந்த ஒரு யாழ்ப்பாணத்துக்காரருக்குக் கட்டிக்கொடுத்தோம். நாங்களும் வேதக்காரர்கள், அவரும் வேதக்காரர். ஒரு பாதிரியார் பேசி முடித்த கல்யாணம். தோட்டத்துப் பெண் என்று அவருடைய ஆட்கள் முகம் சுளித்தபோதும் அந்த மனிதர் ஒருநாளும் சுளிக்கவில்லை. பிள்ளை இல்லை என்றானபோதும் அப்படித்தான். நகரத்தில் தொழிற்சாலை வேலை. ஆனால் வீடு வாங்கியது இந்தக் கிராமத்தில். ஏனென்று நான் போனில் கேட்டதற்கு, "மலை இருக்கு, மரம் இருக்கு மச்சான். உங்கட தங்கச்சிக்கு இதுதான் நமுனுகுல எண்டு நினைச்சு வாங்கினன்" என்றார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

அவர் ஒரு இலையுதிர் காலத்தில் நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எனக்கு விசா கிடைக்கவில்லை. அடக்கத்தை பேக்கரியின் பின்பக்கம் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து போனில் பார்த்தேன். கறுப்பு உடுப்பில் நிறையப் பேர் நின்றார்கள். பாட்டுப் பாடினார்கள். ஒருவர் பின் ஒருவராக வந்து மண் போட்டார்கள். பரவாயில்லை, தங்கச்சி தனியாக இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அது எவ்வளவு தப்பு என்பது பிறகுதான் தெரிந்தது.

"ஒருத்தர்கூட எட்டிப் பாக்கலண்ணே" என்றாள் தங்கச்சி. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதையே சொன்னாள். ஒரு வருடம், போன் எடுத்தால் எங்கே தொடங்கினாலும் அங்கேதான் வந்து நிற்பாள்.

லயத்தில் பிறக்காதவர்களுக்கு அந்த வார்த்தையின் கனம் விளங்காது. லயத்தில் ஒரு காம்பராவில் சாவு விழுந்தால் அந்த வீட்டில் அடக்கம் முடியும்வரை அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். அவர்களுடைய சொந்தக்காரர்கள் வீட்டிலும் பற்றவைக்க மாட்டார்கள். மற்றவர்கள் ஆக்கிக் கொண்டு வருவார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை, அழைப்பதுமில்லை. கதவு திறந்திருக்கும், சனம் வந்துகொண்டே இருக்கும். அப்பா போனபோது எங்கள் இஸ்தோப்புத் திண்ணை முழுக்கச் சட்டி பானைதான். மூன்று வருடமாக அப்பாவோடு பேசாமல் இருந்த பக்கத்துக் காம்பராக்காரர் ஒரு வாளி பிளேன்டீயைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தார். தங்கச்சிக்கும் எனக்கும் தெரிந்த சாவு வீடு அது.

அவளும் அப்படியே செய்திருக்கிறாள். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தவள் வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவருடைய சொந்தக்காரர்கள் தூரத்து நகரங்களிலிருந்து வந்தவர்கள், இருட்டுவதற்குள் போய்ச்சேர வேண்டும் என்று கார் ஏறிவிட்டார்கள். அக்டோபர் குளிர் உள்ளே வந்துகொண்டிருந்திருக்கிறது. அடுப்பு பற்றவைக்கவில்லை. பொழுது சாயும்வரை ஊரில் ஒருவரும் வரவில்லை. மறுநாள் தபால் பெட்டியில் கறுப்புக் கரை போட்ட அட்டைகள் கிடந்திருக்கின்றன.

"அட்டையத் திங்கவாண்ணே முடியும்?" என்று கேட்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்குப் போட்ட பாண் எல்லாம் தீய்ந்து போனது. "நீ வந்துரு" என்றேன். "வந்து கூட்டிட்டுப் போங்க" என்றாள். என் வீட்டுக்காரி பேக்கரிக்கு மேலே இருந்த அறைக்கு வெள்ளையடித்து, புது மெத்தை போட்டு, நாத்தனாருக்கு நீலம் பிடிக்கும் என்று நீலத் திரை தொங்கவிட்டாள். அந்த முறை விசா கிடைத்தது.

இனி ஊர். கோபத்தோடு போனவனின் கண்ணுக்குத் தெரிந்த ஊர்.

இரண்டு மலைக்கு நடுவில் ஒரு பள்ளம். மலை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நமுனுகுலயைப் பார்த்தவன் அதை மேடு என்றுதான் சொல்வான். மேட்டின் உச்சியில் காடு, காட்டுக்கு மேலே மின்சாரக் காற்றாடிகள், சரிவில் புல்வெளி, அடியில் ஓர் ஓடை. ஓடையின் கரையில் ஒரே ஒரு தெரு. தெருவின் இரண்டு பக்கமும் கறுப்பு மரச்சட்டம் போட்ட வெள்ளைச் சுவர் வீடுகள். எல்லா வீட்டு வாசலுக்கு மேலும் கட்டிய வருடத்தை மரத்தில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் தோட்டத்தை வெள்ளைக்காரன் காடு வெட்டித் திறப்பதற்கு முந்திய வருடங்கள் அவை. கடை இல்லை. இருந்த ஒரு சாப்பாட்டுக் கடையும் மூடிக் கிடந்தது. வாரத்தில் சில நாள் பாண் வண்டி வந்து ஹோர்ன் அடிக்கும். அந்தப் பாணைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுக்கலாம். தின்னத் தின்ன ருசி தெரிந்தது என்பதை அப்போது நான் ஒப்புக்கொள்ளவில்லை.

சத்தம் இல்லை. அதுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது. சனிக்கிழமை ஆனால் எல்லாரும் அவரவர் வீட்டு முன்னால் உள்ள தெருவைக் கூட்டுவார்கள். ஒரு இலை மிஞ்சாது. அதற்குப் பிறகு ஞாயிறு முழுதும் ஒரு சுத்தியல் சத்தம்கூடக் கேட்கக் கூடாதாம். தேவாலய மணி மட்டும் கால்மணிக்கு ஒருதரம் அடிக்கும். பதுளை பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடை வைத்திருக்கிறவனுக்கு அந்த அமைதி காதுக்குள் குடைந்தது.

தெருவில் எதிர்ப்பட்டவர்கள் எனக்குத் தலையசைத்தார்கள். தங்கச்சிக்கும் அசைத்தார்கள். அவள் அசைக்கவில்லை. நேராகப் பார்த்தபடி நடந்தாள். ஒரு வருடமாக அப்படித்தான் நடக்கிறாள் என்று விளங்கியது. நானும் விறைத்துக்கொண்டு நடந்தேன். அண்ணன்காரன் என்றால் சும்மாவா?

கல்லறை தேவாலயத்துக்குப் பின்னால் இருந்தது. நம்மவர் வீட்டு முற்றம்கூட அவ்வளவு துப்புரவாக இருக்காது. ஒவ்வொரு குழிக்கும் பூச்செடி நட்டு, களை எடுத்து, கரை கட்டி வைத்திருந்தார்கள். மச்சானின் கல்லில் அவருடைய பெயர் தமிழிலும் அவர்கள் எழுத்திலும் இருந்தது. அதற்குக் கீழே பாதிக் கல் வெறுமையாக இருந்தது. ஏன் வெறுமையாக இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்பினோம்.

தங்கச்சி வாரத்தில் ஐந்து நாள் பக்கத்து டவுனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போவாள். நான் சும்மா இருந்தேன். பேக்கரிக்காரன் சும்மா இருந்தால் கை அரிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தபோது மாவு பிசைந்தேன். ஈஸ்ட் இருந்தது, வெங்காயம் இருந்தது, நான் பெட்டியில் கொண்டுபோயிருந்த மாசிக் கருவாடும் மிளகாய்த் தூளும் இருந்தன. வெங்காயத்தை வதக்கிச் சீனிச் சம்பல் கிண்டி, மாவு உருண்டைக்குள் வைத்து, பணிஸ் சுட்டேன். நம்ம ஊர்ப் பேக்கரி வாசம் அந்தத் தெருவில் இறங்கியது. சுத்தியலுக்குத்தானே தடை, வெங்காய வாசத்துக்குத் தடை போட அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

தட்டை வெளியே ஆறவைக்கப் போனால் வேலிக்கு அந்தப்புறம் பக்கத்து வீட்டு அம்மா நிற்கிறார். எழுபதைத் தாண்டியவர், நெடுநெடுவென்று உயரம், வெள்ளை முடியை ஆம்பிளை மாதிரி வெட்டியிருந்தார். மூக்கை உயர்த்திக்கொண்டு நின்றார். எட்டிப் பார்க்காத சனத்தில் முதல் ஆள் இவர்தான் என்று தங்கச்சி எனக்கு ஏற்கெனவே காட்டியிருந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போயிருக்க வேண்டும். ஆனால் வாசம் பிடித்து நிற்கிறவருக்குக் கொடுக்காமல் போக என் தொழில் எனக்குச் சொல்லித் தரவில்லை. வேலி மேலாகத் தட்டோடு நீட்டிவிட்டேன். அவர் ஒன்றை எடுத்துக் கடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. உறைப்பு. ஆனாலும் முழுதையும் தின்றார். பிறகு தட்டை முழுதாக வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

தங்கச்சி எழுந்து வந்து கத்தின கத்தலில் மணிச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. "அவங்களுக்கு எதுக்குக் குடுத்தீங்க? நான் பட்டினியா கெடந்தப்ப ஒரு வாய் தண்ணி குடுத்தாங்களா?"

"தப்புத்தான். தட்டு வரட்டும், வாங்கி வச்சிக்கிறேன்" என்றேன்.

தட்டு மறுநாள் பொழுதுபட வந்தது. தங்கச்சி வேலை விட்டு வந்திருந்தாள். அந்த அம்மா வாசலில் நின்றார். தட்டு நிறைய ஊதாப் பழம், அவர் மரத்துப் பிளம்ஸ். வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுக்காதவர்கள் எங்கள் லயத்துச் சனம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். தங்கச்சி வாங்கிக்கொண்டு, நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லி, கதவைச் சாத்தப் போனாள். அந்த அம்மா அசையவில்லை. உள்ளேயும் வரவில்லை. வாசற்படிக்கு வெளியே, கால் விரல் படியில் படாமல் நின்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "கேளு" என்றேன்.

"என்னத்தக் கேக்கிறது?"

"ஏன் வரலன்னு கேளு. உனக்காக வேணாம், எனக்காகக் கேளு. இவ்வளவு தூரம் வந்திருக்கேன், இத ஒரு வார்த்த கேக்காமப் போனா எனக்குத் தூக்கம் வராது."

தங்கச்சி என்னைப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாவைப் பார்த்துக் கேட்டாள். சின்னக் கேள்விதான். கேட்டு முடிப்பதற்குள் அவள் குரல் உடைந்துவிட்டது. அந்த அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பேசத் தொடங்கினார், நிறையப் பேசினார். தங்கச்சி துண்டு துண்டாக எனக்குச் சொன்னாள்.

"நாங்க காத்துக்கிட்டு நின்னோங்கிறாங்கண்ணே. கல்லறை கேட்டுக்கிட்ட. எல்லாரும்."

"எதுக்கு?"

"நான் கூப்பிடுவேன்னு."

அந்த ஊரில் அடக்கம் முடிந்ததும் செத்தவரின் வீட்டார்தான் எல்லாரையும் கோப்பி குடிக்க அழைக்க வேண்டும். ஊர் மண்டபத்தில் மேசை போட்டுக் கோப்பியும் கேக்கும் வைப்பார்கள். பக்கத்து வீட்டார் கேக் சுட்டுக் கொண்டு வருவார்கள். உட்கார்ந்து செத்தவரைப் பற்றிப் பேசுவார்கள், கொஞ்ச நேரத்தில் சிரிக்கவும் சிரிப்பார்கள். அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு வந்துபோகிற பழக்கம். அழைக்கவில்லை என்றால், வீட்டார் தனியாக இருக்க விரும்புகிறார்கள் என்று பொருள். அதை மதித்து ஒதுங்கி நிற்க வேண்டும். அதுதான் அவர்களுடைய மரியாதை.

அடக்க வேலைகளைப் பார்த்தவர் மண்டபம் வேண்டுமா என்று தங்கச்சியைக் கேட்டிருக்கிறார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்திருக்கிறது. தாலி அறுத்தவளிடம் மண்டபம் வேண்டுமா என்று கேட்கிறானே, இதென்ன கல்யாணமா என்று. வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அந்த 'வேண்டாம்' ஊர் முழுக்கப் போயிருக்கிறது. மண்டபம் இல்லாவிட்டாலும் வீட்டுக்காவது அழைப்பாள் என்றுதான் கல்லறை கேட்டில் நின்றிருக்கிறார்கள். இவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர்களுக்காகக் காத்திருந்தாள். அவர்கள் கதவைத் தட்டாமல் இவளுக்காகக் காத்திருந்தார்கள். திறந்திருந்த கதவைப் பார்த்துவிட்டு, பாவம், சாவு வீட்டுக் காற்றை வெளியேற்றுகிறாள் என்று நினைத்தார்களாம்.

அந்த அம்மா இன்னும் சொன்னார். அன்றைக்குக் காலையில் இரண்டு கேக் சுட்டிருக்கிறார். அழைப்பு இல்லை என்றானதும் ஒன்றை வீட்டில் தின்றார்கள். மற்றதை என்ன செய்வதென்று தெரியாமல் ஃப்ரீசரில் வைத்தார்.

"இன்னும் இருக்காம்ணே" என்றாள் தங்கச்சி. "தூக்கிப் போட மனசு வரலையாம்."

"சரி, மத்தவங்கள விடு. பக்கத்து வீடுதானே? இவங்க மட்டுமாவது தட்டியிருக்கலாமே?"

தங்கச்சி கேட்டாள். அதற்கு வந்த பதில்தான் என் கோபத்தைக் கொன்றது. அந்த அம்மாவின் தாய் இந்த ஊர்க்காரி இல்லை. இரண்டாம் உலகச் சண்டை முடிந்த பிறகு கிழக்கே ஏதோ ஓர் ஊரிலிருந்து துரத்திவிடப்பட்டு, ஒரு கைப்பெட்டியோடு வந்தவர். அவரைப் போல ஏராளமான பேரை ஊர் ஊராகப் பிரித்து அனுப்பியிருக்கிறார்கள். இந்த ஊரில் ஒரு குடியானவர் வீட்டு மாட்டுக் கொட்டிலுக்கு மேலே இருந்த பரணில் இடம் கொடுத்தார்களாம். அவர்களும் இதே பாஷை பேசுகிறவர்கள்தான், இதே வேதக்காரர்கள்தான். ஆனாலும் ஊர் அவரைச் சாகும்வரை 'வந்தவள்' என்றே சொன்னது. அவர் தன் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: நாம் வந்தவர்கள், கூப்பிடாமல் யார் வாசலையும் மிதிக்காதே.

"அந்தப் பழக்கம் காலோட ஒட்டிக்கிச்சாம்" என்றாள் தங்கச்சி.

எனக்கு எங்கள் சின்ன மாமா ஞாபகம் வந்தார். நான் சிறுவனாக இருந்தபோது, இலங்கையில் பிறந்த மனிதரை உன் நாடு இந்தியா என்று சொல்லிப் பதுளை ஸ்டேஷனில் ரயிலேற்றினார்கள். போன இடத்தில் அவரைச் சிலோன்காரன் என்றார்களாம். அந்தக் கதையைத் தங்கச்சியிடம் சொல்லச் சொன்னேன். அவள் சொன்னாள். அந்த அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கேட்டு முடித்ததும் என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார்.

"மாமாவுக்கு அங்க தேயிலை இருந்திச்சான்னு கேக்கிறாங்க" என்றாள் தங்கச்சி.

"இருந்திச்சுன்னு சொல்லு. அங்கயும் கொழுந்து கொண்டுபோய் நிறுக்கிற வேலைதான்."

பிறகு தங்கச்சி கதவை அகலத் திறந்து, "உள்ள வாங்க" என்று தமிழிலேயே சொன்னாள். அந்த அம்மாவுக்கு விளங்கியது. உள்ளே வந்தார்.

மச்சானின் வருட நினைவு நெருங்கிக்கொண்டிருந்தது. போன வருடம் வைக்காத கோப்பியை இந்த வருடம் வைத்தால் என்ன என்று முதலில் சொன்னது நான்தான். இதில் எனக்கு ஒரு கணக்கு இருந்தது. மனக்கசப்போடு ஒரு ஊரை விட்டுப் போகக் கூடாது, எல்லாரிடமும் நல்லபடியாகச் சொல்லிக்கொண்டு புறப்படட்டும் என்பது. டிக்கெட் இரண்டு பேருக்கும் போட்டாயிற்று. அவள் வேலையிலும் சொல்லி வைத்திருந்தாள்.

ஊர் மண்டபம் தீயணைப்பு வண்டிக் கொட்டகைக்கு மேலே இருக்கிறது. அந்த ஊரில் தீயணைப்புக்காரர்கள் என்றால் சம்பளக்காரர்கள் இல்லை. தச்சர், தபால்காரர், பள்ளிக்கூட வாத்தியார் எல்லாரும்தான். சங்கு ஊதினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருவார்களாம். எங்கள் தோட்டத்தில் விடியக்காலை வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுச் சங்குக்கு ஓடின மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் பிந்தி வந்தால் பேர் வெட்டிச் சம்பளத்தைப் பிடிக்க இவர்களுக்குக் கங்காணி யாரும் இல்லை. அவர்கள்தான் மேசை போட்டுத் தந்தார்கள். நான் முந்தின நாளே பணிஸ் போட்டேன். இந்தமுறை மிளகாய்த் தூளைப் பாதியாகக் குறைத்தேன். தங்கச்சி வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து உள்ளே அழைத்தாள். ஊரே வந்தது. நடக்க முடியாத ஒரு கிழவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

பக்கத்து வீட்டு அம்மா அந்தக் கேக்கைக் கொண்டுவந்தார். ஃப்ரீசரிலிருந்து எடுத்து இளகவிட்டு, மேலே சீனித் தூள் தூவியிருந்தார். மேசையின் நடுவில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். தங்கச்சி அதை வெட்டி, முதல் துண்டை எனக்கு நீட்டினாள். பேக்கரிக்காரன் வாயால் சொல்கிறேன், அதில் பனிக்கட்டி வாசம் அடித்தது. நான் இரண்டு துண்டு தின்றேன்.

மச்சானைப் பற்றி ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பனி கொட்டின காலையில் அந்தக் கிழவரின் வாசலையும் சேர்த்து வழித்துவிடுவாராம். தீயணைப்பு விழாவில் பெரிய சட்டியில் ஆட்டுக் கறி சமைத்து, உறைக்குமா என்று கேட்டவர்களிடம் இல்லை என்று பொய் சொல்வாராம். மண்டபமே சிரித்தது. தங்கச்சிக்கு இதில் பாதி தெரியாது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அப்படியே அழுதாள். பிறகு எழுந்து, அன்றைக்கு ஏன் கதவைத் திறந்து வைத்தாள் என்று சொன்னாள். லயத்தைப் பற்றி, பற்றவைக்காத அடுப்பைப் பற்றி, பிளேன்டீ வாளியைப் பற்றி எல்லாம் சொன்னாளாம். எனக்குப் பாஷை விளங்கவில்லை. ஆனால் எல்லாரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டது தெரிந்தது.

எல்லாரும் போன பிறகு தட்டுக் கழுவினோம். நாலைந்து பெண்கள் கூடவே நின்று துடைத்தார்கள். அவர்களில் ஒருத்தி ஏதோ கேட்க, தங்கச்சி தலையாட்டினாள்.

"என்னவாம்?" என்றேன்.

"கிறிஸ்மஸுக்கு முந்தி இங்க கோப்பி வைப்பாங்க. எனக்கு என்ன கேக் போட முடியும்னு கேட்டாங்க."

"அப்ப நீ பதுளையில இருப்பியே."

அவள் கையில் இருந்த தட்டு எப்போதோ காய்ந்துவிட்டது. அதையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. மறைப்பானேன், இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. காட்டுப் பாதையில் தனியாக நடந்தேன். மேட்டில் ஏறி நின்று பார்த்தால் ஊர் முழுதும் ஒரு கைக்குள் அடங்கிவிடும். பஸ் வந்து தேவாலயத்தைச் சுற்றித் திரும்புவது தெரிந்தது. நாங்கள் வெள்ளையடித்த அறையை நினைத்தேன். என் வீட்டுக்காரி நீலத் திரைக்காகக் கடை கடையாக ஏறியதை நினைத்தேன். எங்கள் இரண்டு பேரில் ஒருவர் போனால் மற்றவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது அவ்வளவு பெரிய ஆசையா?

மூன்றாம் நாள் கல்லறைக்குப் போனோம். அவள் குந்தி உட்கார்ந்து களை எடுத்தாள். நான் அந்த வெறுமையான பாதிக் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க."

"அது உனக்கா?" என்று கல்லைக் காட்டினேன்.

"ஆமாங்கண்ணே. அவரு போனப்பவே சேர்த்துத்தான் எடுத்தேன். கோவத்துலதான் வர்றேன்னு சொன்னேன். இப்ப கோவம் போயிருச்சு."

நான் அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம். அவள் எழுந்து, மண் ஒட்டின கையோடு என் முதுகைத் தடவினாள். என் நல்ல சட்டையில் ஐந்து விரலும் பதிந்தது. என் வீட்டுக்காரி எவ்வளவோ சோப்புப் போட்டும் அது முழுதாகப் போகவில்லை, நான் போகவிடவுமில்லை.

பதுளைக்குத் தனியாகத்தான் வந்து இறங்கினேன். ஸ்டேஷனுக்கு வந்த என் வீட்டுக்காரி, எனக்குப் பின்னால் இறங்கியவர்களை எல்லாம் ஒருமுறை பார்த்தாள். "வரலியா?" என்றாள். "வரல" என்றேன். வேறொன்றும் கேட்காமல் ஒரு பையை வாங்கிக்கொண்டாள். மேல் அறையில் மாவு மூட்டை அடுக்கலாமா என்று கடைப் பையன் கேட்டபோது அவள்தான் கூடாது என்றாள்.

மாசி மாதம் ஒருநாள் பொழுதுபட தங்கச்சி போன் எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை இல்லை. குரலைக் கேட்டதும் விளங்கிவிட்டது.

"பக்கத்து வீட்டம்மா போயிட்டாங்கண்ணே. காலையிலதான். மக வந்திருந்தா. எங்கிட்டதான் மொதல்ல ஓடி வந்து சொன்னா."

வேலிக்கு மேலாக மூக்கை உயர்த்திக்கொண்டு நின்ற அந்த உயரமான உருவம் கண்ணுக்குள் வந்தது. ஆனாலும் அண்ணன்காரன் அல்லவா, செய்ய வேண்டியதைச் சொன்னேன்.

"கூப்பிடுவாங்கன்னு நிக்காத. சோத்த ஆக்கு, ரசம் வையி, தூக்கிக்கிட்டு நேரா உள்ள போ."

"எப்படிண்ணே ஆக்குறது?" என்றாள். "நான் அடுப்பே பத்தவைக்கலியே. எதுத்த வீட்டுக்காரருதான் அந்த மகளுக்கும் எனக்கும் சூப் கொண்டாந்து குடுத்திட்டுப் போறாரு."

நான் போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். என் வீட்டுக்காரி அரிசியைக் களைந்து உலையில் போடப் போனாள்.

"இன்னிக்கு வேணாம்" என்றேன்.

"ஏங்க, யாரு செத்தது?"

"பக்கத்து வீட்டம்மா."

"எந்தப் பக்கத்து வீடு?" என்று ஜன்னலைப் பார்த்தாள். பிறகு என் கையில் இருந்த போனைப் பார்த்தாள். அரிசியைக் கீழே வைத்துவிட்டு, அடுப்பை அணைத்தாள்.